தகட்டின் விளிம்பில் தொடங்கும் துரு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த நாட்களில்தான் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலை குவியும். பாம்பனில் நான் போய் நின்ற பட்டறையின் மேசைமேல் படகுக் கேபினுக்கான எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு ஒன்று கிடந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கனம். எக்கோ சவுண்டர் பொருந்துகிற அளவுக்கு நடுவில் திறப்பு வெட்ட வேண்டும். நான்கு மூலையும் வளைவாக வரவேண்டும். கிரைண்டர் நேர்கோட்டில்தான் ஓடும். அதனால் ஜிக்சாவை எடுத்து வைத்திருந்தார்கள்.

"அண்ணே, இதுக்கு எந்த பிளேடு போடுவீங்க?" என்று மிஸ்திரியைக் கேட்டேன்.

"தகட்டோட கனத்துல எந்நேரமும் ரெண்டு பல்லாவது உக்காந்திருக்கணும் தம்பி. ஒத்தப் பல்லு மாட்டுச்சுன்னா பல்லு தெறிச்சுரும், தகடும் உதறும்."

கணக்கு அவ்வளவுதான். போஷ் பிளேடுகளில் டி118ஜி-யின் பல்லிடைவெளி 0.7 மி.மீ.; ஒன்றரை மில்லிமீட்டர் வரையான தகட்டுக்கு அது. 1.2 மி.மீ. இடைவெளியுள்ள டி118ஏ மூன்று மில்லிமீட்டர் வரை போகும். அதற்கு மேல் ஆறு வரை, 2 மி.மீ. இடைவெளியுள்ள டி118பி. அலுமினியத்துக்கு இந்த வரிசை உதவாது. மிருதுவான அலுமினியத் துகள் சிறு பற்களுக்கிடையில் அப்பிக்கொள்ளும் என்பதால், பல் பெரிதாயுள்ள டி127டி-யைப் போட்டு மண்ணெண்ணெய் தடவிக்கொண்டே வெட்ட வேண்டும்.

எஸ்.எஸ். இன்னும் முரண்டு பிடிக்கும். பல் வெட்டாமல் உரசினால் தகடு அந்த இடத்திலேயே இறுகி, அடுத்த பல்லையும் மழுக்கிவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை விடாமல் தள்ள வேண்டும். கார்பைடு பல் பிளேடு விலை அதிகம்தான், அடிக்கடி எஸ்.எஸ். வெட்டுகிறவர்களுக்கு அதுவே கட்டுப்படியாகும். அதன் பெயரில் ஹெச்எம் என்ற எழுத்துகள் இருக்கும்.

மிஸ்திரி திறப்பின் ஒரு மூலைக்குள் துளை போட்டு, கோடு வரும் இடமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினார். தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து கிளாம்பால் இறுக்கினார். பெண்டுலம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தார். மரத்துக்குத்தான் அந்த ஆட்டம், இரும்பில் பல்லைக் கொன்றுவிடும். பிறகு கட்டிங் ஆயில் சொட்டவிட்டு மெதுவாக ஓட்டினார். தீப்பொறி ஒன்றுகூட இல்லை. பொடிப்பொடியாக வெள்ளித் துகள் மட்டும் டேப்பின்மேல் சேர்ந்தது.

இந்தக் கரையில் வெட்டின் விளிம்பை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உப்புக்காற்று. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை அரித்ததும் இதே காற்றுதான். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. படகுக்காரர் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகத் தகட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியும், கிரைண்டரால் வெட்டி விளிம்பு நீலமும் மஞ்சளுமாகக் கருகினால், அரிப்பு அங்கேதான் பிடிக்கும். ஜி.ஐ. தகட்டிலும் அந்தச் சூடு துத்தநாகப் பூச்சை எரித்துவிடும்.

இங்கே பிளேடுக்கு இரண்டு டப்பா வைத்திருக்கிறார்கள்: ஒன்று எம்.எஸ்.ஸுக்கு, மற்றது எஸ்.எஸ்.ஸுக்கு. சாதா இரும்பை வெட்டிய பிளேடால் எஸ்.எஸ்.ஸைத் தொட்டால், பல்லில் ஒட்டிய இரும்புத் துகள் விளிம்பில் பதிந்து, கடலோரத்தில் சீக்கிரமே செம்புள்ளியாக எழும். இந்தப் பழக்கம் எல்லாப் பட்டறைகளுக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தகடு நல்லதில்லை என்று படகுக்காரர்கள் புலம்பும் பல இடங்களில் தகட்டின்மேல் குற்றமிருக்காது.

வெட்டி முடித்ததும் மிஸ்திரி விளிம்பை அரத்தால் இழைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். கழற்றிய பிளேடை என்னிடம் காட்டினார். மேல்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் பல் மழுங்கியிருந்தது. மெல்லிய தகட்டில் அவ்வளவுதான் உழைக்கும். கீழே உள்ள பல் புதிதாகவே கிடக்கும். அடுத்த தகட்டுக்கு ஜிக்சாவின் அடித்தட்டில் மரத்துண்டு ஒன்றைக் கட்டி உயர்த்தி, அந்தக் கீழ்ப்பல்லை வேலை வாங்கினார்.