பொத்தானை அழுத்திய பிறகு

ரிச்சர்ட் மாத்திசன் 1970-இல் எழுதிய ‘பட்டன், பட்டன்’ சில பக்கச் சிறுகதைதான். நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவன் ஆர்தர், மனைவி நார்மா. வாசலில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தால், பொத்தான் வைத்த ஒரு மரப்பெட்டி. பொத்தானின் மேல் கண்ணாடி மூடி. அதை அழுத்தினால் அவர்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் சாவார், 50,000 டாலர் கிடைக்கும் என்கிறார் வீடு தேடி வந்த ஸ்டூவர்ட்.

நார்மா சோற்றுக்கு அல்லாடுகிறவள் இல்லை. ஐரோப்பா போக வேண்டும், இதைவிட நல்ல வீடு வேண்டும், ஒரு குழந்தை வேண்டும். யாருக்குத்தான் இந்த ஆசைகள் இல்லை? அவள் அழுத்தும்போது நமக்கு வயிற்றைப் பிசைவது அதனால்தான். அடுப்பில் இறைச்சி வேகத் தொடங்கியதும் தொலைபேசி மணி அடிக்கிறது. சுரங்க ரயில் நிலைய நெரிசலில் யாரோ தள்ளி, ஆர்தர் ரயில் முன் விழுந்துவிட்டான். அவனுடைய காப்பீட்டுத் தொகை 25,000. விபத்து என்பதால் இரட்டிப்பு. இத்தனை காலம் கூட வாழ்ந்த கணவனை அவள் உண்மையில் அறிந்திருந்தாளா என்று கேட்டுவிட்டுக் கதை நின்றுவிடுகிறது.

இதை 2009-இல் ‘தி பாக்ஸ்’ என்று படமாக்கியவர் ‘டானி டார்கோ’ எடுத்த ரிச்சர்ட் கெல்லி. எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் ஆசையோடு உட்கார்ந்தேன். தொடக்கக் காட்சிகள் அருமை. 1976, வர்ஜீனியா, செவ்வாயில் வைக்கிங் விண்கலங்கள் இறங்கிய ஆண்டு. கெல்லியின் தந்தை நாசாவின் லாங்லி மையத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தின் மீதுள்ள பாசம் வீட்டுச் சுவர்த்தாளில்கூடத் தெரிகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே, நார்மாவாக வரும் கேமரான் டயஸ் பொத்தானைச் சட்டென்று தட்டிவிடும் கணத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதன்பிறகு படம் விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. ஸ்டூவர்டை மின்னல் தாக்கிய கதை, அவருக்குள் புகுந்த வேற்றுலகச் சக்தி, மனித குலத்துக்கே ஒரு பரீட்சை, மூக்கில் ரத்தம் வழிய நிற்கும் மனிதர்கள். போதாததற்கு, நார்மா பொத்தானை அழுத்தும் முன்பே, படத்தில் அவளுக்கு இருக்கும் மகனின் பள்ளிக் கட்டணச் சலுகை பறிபோகிறது, ஆர்தருக்கு விண்வெளி வீரர் வாய்ப்பு கைநழுவுகிறது. அவள் அழுத்தியதற்கு நியாயம் கற்பித்தாகிவிட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்த பயத்தைத் தூக்கிச் செவ்வாயில் வைத்துவிட்டார்கள்.

சிறுகதையை நீட்டினால் இப்படித்தான் ஆகும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே மாத்திசன் தன் ‘டூயல்’ கதைக்குத் தானே திரைக்கதை எழுத, 1971-இல் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். அதில் காரோட்டி ஒருவனைத் துரத்தும் லாரிக்காரனின் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. அவன் யார், ஏன் துரத்துகிறான் என்றும் சொல்லவில்லை.

‘தி பாக்ஸ்’ முடிவில் மகன் இழந்த பார்வையும் செவித்திறனும் திரும்ப வேண்டுமானால் ஆர்தர் நார்மாவைச் சுட வேண்டும். கதையின் கேள்வி திரும்ப வருவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் இந்த இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அழுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள், அவன் சுடுகிறான். மாத்திசன் கேட்டதை அந்த அறையில் யாரும் கேட்கவே இல்லை.