ஓடுபாதையும் பட்டறையும்

1979ஆம் ஆண்டு என் பெரியப்பா சென்னைக்கு விமானமேறினார். அக்காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து தமிழகம் செல்வோர் பெரும்பாலும் ‘சிதம்பரம்’ கப்பலையே நாடுவர். கப்பல் கரைசேரும்வரை பாட்டியின் உயிர் தங்காது என்று ஊரிலிருந்து தந்தி வந்துவிட்டமையால், கடன்பட்டு விமானச் சீட்டு வாங்கினார். அவரை வழியனுப்ப நாங்கள் பதினொருவர் ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தை அடைந்தோம். அப்பொழுது எனக்கு வயது பத்து.

பார்வையாளர் மாடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தனர். பிள்ளைகள் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தனர். என் கண்ணோ வேறோரிடத்தில் நிலைத்திருந்தது. விமானத்தின் சிறகுக்குக் கீழே, வெள்ளை முழுவுடை அணிந்த ஒருவர் குந்தி அமர்ந்து, கைவிளக்கை அடித்துச் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தார், கையால் தடவினார், எழுந்து ஒரு புத்தகத்தில் ஏதோ எழுதினார். அதன் பின்னரே படிக்கட்டு வண்டி விலகிற்று. “அவர் யாருப்பா?” என்று என் தந்தையாரைக் கேட்டேன். “மெக்கானிக்குடா. நம்ம தோட்டத்து டிராக்டர் மெக்கானிக் இருக்காரே, அந்த மாதிரி” என்றார். அந்த விடை அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. அஃது எத்துணைக் குறைபாடுடையது என்பதை உணர எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சிறிய நாடு ஒன்று விமான நிலையம் அமைப்பது, பெரிய நாடு அமைப்பதைப் போன்றதன்று. நம் மலேசியாவில் ஒரு நிலையம் நெருக்கடியானால் அடுத்த வட்டாரத்தில் நிலம் தேடலாம். 1965இல் சுபாங் வந்தது; 1974இல் எங்கள் ஜொகூரில் செனாய் வந்தது; 1998இல் செப்பாங்கிற்குப் பெரிய நிலையமே பெயர்ந்தது. சிங்கப்பூருக்கோ அந்த வசதி இல்லை. 1965இல் அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஓடுபாதை உண்ணும் நிலம் ஒருபுறமிருக்க, அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை மாடி கட்டலாம் என்பதையும் அந்த ஓடுபாதையே தீர்மானித்துவிடும். உள்நாட்டு விமானப் பயணம் என்பதும் அங்கே கிடையாது. எழும்பும் பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் பிறர் நாட்டு வானத்தில்தான் நுழைந்தாக வேண்டும்.

இவ்வாறிருந்தும் அத்தீவு தன் விமான நிலையத்தை மும்முறை இடம் மாற்றியிருக்கிறது. 1930இல் முதல் வாணிப விமானம் இறங்கியது சிலேத்தாரில். அஃது அரச விமானப்படையின் தளம். 1937இல் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் காலாங் நிலையம் திறக்கப்பட்டது. விமானங்கள் பெருக்கப் பெருக்க அதுவும் போதாமற்போய், 1955இல் பாய லேபார் வந்தது. 1970இல் அங்கு வந்துபோன பயணிகள் ஏறத்தாழப் 17 இலட்சம் பேர். 1975இல் 40 இலட்சம் பேர். இரண்டாம் ஓடுபாதை இன்றியமையாததாயிற்று.

இவ்விடத்தில்தான் நான் சற்று நின்று எண்ணிப் பார்ப்பதுண்டு. பாய லேபாரிலேயே இரண்டாம் ஓடுபாதை அமைக்கலாம் என்பது அயல்நாட்டு வல்லுநர்தம் பரிந்துரை. அதனை ஏற்கும் நிலையில்தான் அரசாங்கமும் இருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் பயணிகள் பெருக்கம் சற்றே தணிந்து, மறுபடி சிந்திக்க ஓர் இடைவெளி கிடைத்தது. பிரதமர் லீ குவான் யூ, பாஸ்டன் நகர விமான நிலையத்தில் விமானங்கள் கடலின்மேல் ஏறி இறங்குவதைக் கண்டவர். நகரத்தின் கூரைகளுக்கு மேலே அந்த இரைச்சல் இன்னும் பெருக வேண்டுமா என்று வினவினார். ஹாவ் யூன் சோங் தலைமையில் அமைந்த குழு சாங்கியே தக்கது என்றது. 1975இல் முடிவாயிற்று. பாய லேபாரில் ஏற்கெனவே செலவிட்ட ஏறத்தாழ 80 கோடி வெள்ளியைப் பயணிகள் நிலையம் என்ற கணக்கிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்பதே அம்முடிவின் பொருள். செலவழித்துவிட்டோமே என்ற ஒரே காரணத்திற்காகத் தவறான வழியிலேயே தொடர்ந்து செல்லும் பள்ளி வாரியங்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அந்த முடிவின் அருமை எனக்கு விளங்குகிறது.

கடலடி மணலைக் கொண்டு ஏறத்தாழ 870 ஹெக்டர் நிலம் மீட்கப்பட்டது. சதுப்புகள் தூர்க்கப்பட்டன, கட்டடங்கள் இடிக்கப்பட்டன, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்பட்டன. வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் இக்கடைசிச் செய்தியை எளிதில் மறந்துவிடுகின்றனர். 1981 ஜூலை முதல் நாள் காலை, கோலாலம்பூரிலிருந்து வந்த விமானமே சாங்கியில் முதன்முதலாக இறங்கியது.

இனி, அருவியைப் பற்றி ஒரு சொல். 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகத்தின் 40 மீட்டர் அருவியைக் காணாத ஜொகூர்க் குடும்பம் மிகக் குறைவு. எங்கள் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தும் அங்கேதான் போய் நின்றது; மாணவர்களோடு நானும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஆயின் அருவியும் ஓடுபாதையும் மட்டும் ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடா. இறங்கும் விமானம் கட்டணம் செலுத்திவிட்டு எழுந்து போய்விடும். நாளை வேறு நகரில் கட்டணம் குறைந்தால் அங்கே இறங்கும். அந்த விமானத்தின் இயந்திரத்தைக் கழற்றி, ஆராய்ந்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டும் திறன் உள்ள ஊருக்கோ அது தானே தேடிக்கொண்டு வரும். இதனை அத்தீவினர் விரைவிலேயே உணர்ந்திருந்தனர் என்பதே என் கருத்து.

பிரித்தானியப் படைகள் 1971இல் பெரும்பகுதி வெளியேறியபோது, சிலேத்தாரில் விமானக் கூடங்கள் எஞ்சின. அவற்றைச் சார்ந்து பிழைத்த தொழிலாளரின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. நாட்டின் புதிய வான்படைக்கு விமானங்களைச் செப்பனிட ஆட்கள் வேண்டியிருந்தனர். 1975இல், சாங்கி முடிவு செய்யப்பட்ட அதே ஆண்டில், சிலேத்தாரில் அரசு சார்பில் விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று தோன்றிற்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பொறியியற் பிரிவு 1992இல் தனி நிறுவனமாகிப் பிறநாட்டு விமானங்களையும் கவனிக்கலாயிற்று. இயந்திரம் செய்வோரும் அங்கே வந்து கடை விரித்தனர். 2012இல் ரோல்ஸ் ராய்ஸ் சிலேத்தாரில் இயந்திரங்களைப் பூட்டும் கூடத்தைத் திறந்தது. உலக விமானப் பராமரிப்புத் தொழிலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இச்சிறு தீவில் நடைபெறுவதாகக் கணக்கிடுவர்.

சிலேத்தாரின் ஓடுபாதை வடக்கே எங்கள் பாசிர் கூடாங்கை நோக்கியது. 2018 டிசம்பரில் அங்குக் கருவிவழித் தரையிறங்கும் முறையைக் கொண்டுவர முற்பட்டபோது, அதனால் நீரிணைக்கு இப்பால் துறைமுகத்தின் கட்டட உயரங்கள் கட்டுப்படும் என்று மலேசியா மறுப்புத் தெரிவித்தது. அங்கு மாறவிருந்த ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் பயணங்கள் நின்றன. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அம்முறையை மீட்டுக்கொண்டது, மலேசியாவும் தான் விதித்திருந்த வான்தடையை நிறுத்திவைத்தது, பயணங்கள் தொடங்கின. எந்தப் பக்கம் நியாயம் என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. எல்லை தன் ஓடுபாதையின் முனையிலேயே தொடங்கும் நாடு, அண்டை வீட்டாரைக் கேளாமல் தன் வாசற்கதவையும் திறக்க இயலாது என்பது மட்டும் விளங்கிற்று.

இப்பொழுது என் தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

2006ஆம் ஆண்டு, எங்கள் தமிழ்ப்பள்ளியில் பயின்று சென்ற மாணவன் ஒருவன் மூன்றாம் படிவத் தேர்வை எழுதியிருந்தான். அவன் தந்தையார் லோரி ஓட்டுநர். ஒருநாள் மாலை என் வீட்டிற்கு வந்து, “ஐயா, பையன் தொழில்நுட்பப் பள்ளிக்குப் போறேங்கிறான். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். நான் சற்றும் தயங்கவில்லை. “கெட்டிக்காரப் பையன். அவனைப் போய் ஸ்பானர் பிடிக்க அனுப்புவதா? ஆறாம் படிவம்வரை படிக்கட்டும்” என்றேன். தோட்டத்துப் பிள்ளை கையில் கருவியைப் பிடித்தால் தோட்டத்திலேயே கிடப்பான் என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தபோதே என் உள்ளத்தில் ஊறியிருந்த அச்சம். நல்வினையாக, அவர் என் சொல்லைக் கேட்கவில்லை.

அவன் தொழிற்பயிற்சி முடித்து, 2011இல் சிங்கப்பூரில் ஒரு விமானக் கூடத்தில் சேர்ந்தான். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும் பல்லாயிரவரில் ஒருவனானான். எட்டாண்டுகள் வேலைக்கிடையே படித்து, 2019இல் உரிமம் பெற்ற விமானப் பொறியாளனாகி, ஒரு பெட்டி லட்டுடன் பள்ளிக்கு வந்தான். அன்று அவன் சொன்னவற்றை நான் மாணவனைப் போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்க தேர்வுல 75 விழுக்காடு எடுத்தாத்தான் தேர்ச்சி ஐயா. 74 எடுத்தாலும் மறுபடி எழுதணும்” என்றான். நாற்பது மதிப்பெண்ணுக்கே கைதட்டிப் பழகிய எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர்களுடைய கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலைப் போன்ற வடிவம் வரையப்பட்டிருக்குமாம். பணி முடிவில் ஒரு நிழல் வெறுமையாக இருந்தாலும், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் கூடத்தைவிட்டு வெளியேறாது. போயிங் 747 விமானத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் உறுப்புகள். அவற்றில் பாதி ஆணிகளும் திருகுகளும் போன்றவை. அத்தனைக்கும் இடையே ஒரு திருப்புளி தொலைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். பணி முடிந்ததும் உரிமம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பமின்றி விமானம் பறத்தல் கூடாது. 1979இல் நான் கண்ட அம்மனிதர் புத்தகத்தில் எழுதியது என்னவென்று எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

“கையெழுத்துப் போடும்போது பயமா இருக்காதா தம்பி?” என்று கேட்டேன்.

“இருக்கும் ஐயா. பயம் இல்லாதவன் போடக்கூடாது” என்றான்.

அப்பேச்சில் 2010 நவம்பர் 4ஆம் நாள் நிகழ்ச்சியும் வந்தது. சாங்கியிலிருந்து சிட்னிக்கு எழும்பிய குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில், பாத்தாம் தீவின் மேலே ஓர் இயந்திரம் வெடித்துச் சிதறியது. விமானி அதனைச் சாங்கிக்கே திருப்பி இறக்கினார். உள்ளிருந்த 469 பேரும் உயிர் தப்பினர். ஆராய்ந்தபோது, இயந்திரத்தினுள் எண்ணெய் செல்லும் ஒரு சிறு குழாயின் துளை நடு விலகிக் குடையப்பட்டிருந்ததும், அதனால் ஒருபக்கச் சுவர் மெலிந்து விரிசல் கண்டதும் தெரிய வந்தன. உற்பத்தியின்போதே நேர்ந்த பிழை அது. “அந்தக் குழாய் விரலளவு கூட இருக்காது ஐயா” என்று தன் சுண்டு விரலை நீட்டிக் காட்டினான்.

2020 மார்ச்சு 18ஆம் நாள் பாலம் மூடப்பட்டது. அவன் அக்கரையில் தங்கிவிட்டான். 2019இல் 6 கோடியே 83 இலட்சம் பயணிகளைக் கண்ட சாங்கி, 2021இல் 30 இலட்சம் பேரையே கண்டது. பறவாத விமானத்திற்கும் பராமரிப்பு வேண்டும் என்பது பலரறியாதது. இயந்திர வாய்களை மூடிக் கட்ட வேண்டும். சக்கரங்கள் ஒரே புறம் அழுந்தாவண்ணம் உருட்ட வேண்டும். இடையிடையே இயந்திரங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈரக்காற்று ஆகாதென்று சில விமானங்களை ஆஸ்திரேலியப் பாலைநிலத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கே கொண்டுபோய் நிறுத்தினர். சக்கரங்களை உருட்டிக்கொண்டிருந்த அந்நாள்களில், 2020 மே மாதம், ஜொகூர் பாருவில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தந்தையும் மகளும் முதன்முதல் நேரிற் கண்டது 2021 இறுதியில், தரைவழி சற்றே திறந்தபோது. குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. தந்தையைக் கண்டதும் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டதாம். சிறு நாட்டின் பெருந்தொழில் யாருடைய தோள்களில் நிற்கிறது என்று கணக்கிடுவோர், இதனையும் எந்தப் பத்தியிலாவது எழுதிக்கொள்ளட்டும்.

2024இல் சாங்கியில் மீண்டும் 6 கோடியே 77 இலட்சம் பேர். 2025 மே மாதம் ஐந்தாம் முனையத்திற்கு அடிக்கல் நாட்டினர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் பலர் பாலத்தைக் கடப்பார்கள். அவர்கள் அங்கே போகத்தான் வேண்டுமா, செனாயிலும் சுபாங்கிலும் அத்தகைய கூடங்கள் பெருகலாகாதா என்பது என் நெடுநாளைய ஆதங்கம். சுபாங்கில் பயணிகள் குறைந்த பின்னரும் பட்டறைகள் நிலைத்து நின்றதை நாம் கண்டோமல்லவா?

சென்ற ஆண்டு, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்கான எங்கள் பள்ளி அறையில் ஒரு பலகையை மாட்டி, சுத்தியல், குறடு, அரம், திருப்புளிகள் எனப் பதினெட்டுக் கருவிகளின் வடிவங்களைக் கறுப்பு வண்ணத்தில் வரைந்து வைத்தோம். என் பழைய மாணவனே ஒரு சனிக்கிழமை வந்து வரைந்து கொடுத்தான். மூன்றாம் வாரத்தில், ஐந்தாம் ஆண்டு வகுப்பு முடிந்தபோது ஒரு நிழல் வெறுமையாக இருந்தது. மிகச் சிறிய திருப்புளி. வெளியே பள்ளி வேன் ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார். “வேற ஒண்ணு வாங்கி வச்சிடலாம் ஐயா” என்றார் ஆசிரியை. இருபத்திரண்டு பிள்ளைகளும் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தனர். நானும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கதவருகே குந்தி அமர்ந்தேன்.