புட்டு மாவுப் பதம்

முதலியார்பேட்டையில் அந்த வீட்டில் கேழ்வரகுப் புட்டு செய்கிற நாளில் ஒரு சின்னச் சண்டை நிச்சயம் உண்டு. அந்த அம்மா வறுத்த மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசறிக்கொண்டிருப்பார். பெரியவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து, கேட்காமலேயே ஒரு பிடி மாவை எடுத்து அழுத்துவார். கையைத் திறந்தால் ஐந்து விரலும் பதிந்த ஒரு பிடிகொழுக்கட்டை. அதை இரண்டாக உடைத்துப் பார்ப்பார். உடைந்த இடம் பொலபொலவென்று உதிர்ந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

"இன்னும் ஒரு கை தண்ணி தெளி."

"நாப்பது வருஷம் நீங்க மண்ணப் பிசைஞ்சீங்க, நான் மாவப் பிசையறேன். போய் உக்காருங்க."

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் கூடத்துக்குத் திரும்பிய பிறகுதான் தண்ணீர் தெளிப்பார்.

பெரியவர் ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு செய்கிற வேலை. வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பின் வயிற்றுப் பகுதி, தையல் மெஷினின் கால், சாக்கடை மூடி எல்லாமே இப்படி ஒரு மண் அச்சுக்குள் பிறந்தவைதான். இரும்பு இறுகியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். மறுநாள் அதே மண்ணில் வேறு அச்சு.

அவருடைய அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். 1898-ல் தொடங்கிய அந்த மில்லுக்கு ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிய பிறகும் ஊர்க்காரர்கள் வாயில் அது ரோடியர் மில்தான். கடலூர் சாலைப் பக்கம் பல வீடுகளில் மில் சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்கள். எல்லாப் பையன்களும் அந்தக் கேட்டுக்குள்தான் போவார்கள் என்று ஊரே நம்பிய காலத்தில், அப்பா மட்டும் மகனை ஐ.டி.ஐ.யில் மோல்டர் டிரேடு சேர்த்துவிட்டார். என்ன தோன்றிச் செய்தாரோ. மில் 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

படிப்பு முடிந்ததும் தொழில் பழகக் கோயம்புத்தூர் போனார். பைக்காரா மின்சாரம் வந்த 1930-களிலிருந்து பஞ்சாலைகள் பெருகிய ஊர் அது. ஆலைக்கு உதிரி பாகம் வேண்டும், கிணற்றுக்குப் பம்பு வேண்டும், பின்னால் கிரைண்டர் வேண்டும் என்று தெருவுக்குத் தெரு வார்ப்படப் பட்டறைகள் முளைத்திருந்தன. அங்கே எட்டு வருஷம். பிறகு கல்யாணம், புதுச்சேரி, உள்ளூரிலேயே ஒரு ஃபவுண்டரியில் பீஸ் ரேட் வேலை.

வேலையைப் பார்த்தால் எளிமையாகத் தெரியும். ஒரு இரும்புப் பெட்டி, மேலும் கீழும் திறந்தது. அதற்குள் மரத்தாலோ அலுமினியத்தாலோ செய்த பேட்டர்னின் ஒரு பாதியை வைப்பார்கள். இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால் பேட்டர்ன் அந்த அளவு பெரிதாகவே இருக்கும். அதன் மேல் சலித்த மண்ணைத் தூவி, பிறகு மண்வெட்டியால் கொட்டி, ரேமரால் இடிக்க வேண்டும். ரேமரின் ஒரு முனை ஆப்பு மாதிரி, ஓரங்களுக்கு. மறுமுனை தட்டை, மேற்பரப்புக்கு. கீழ்ப்பெட்டி முடிந்ததும் புரட்டிப் போட்டு, மறுபாதிப் பேட்டர்னைப் பொருத்தி, ஒட்டாமலிருக்கக் காய்ந்த மணலைத் தூவி, மேல்பெட்டியை ஏற்றி, மறுபடி இடி. இரும்பு இறங்க ஒரு குழி, ஏறி நிற்க ஒரு குழி. பின்னல் ஊசி மாதிரி மெல்லிய கம்பியால் மண்ணில் குத்திக் குத்திக் காற்றுப்போக்குத் துளைகள் போட வேண்டும். அப்புறம் பெட்டிகளைப் பிரித்து, பேட்டர்னை மெதுவாகத் தட்டி அசைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். ஓரம் உடைந்தால் சின்னக் கரணையால் ஒட்டுப்போட வேண்டும். கடைசியில் துருத்தியால் ஊதி, உதிரி மணலை நீக்கிப் பெட்டியை மூட வேண்டும்.

ரேமரால் எவ்வளவு இடிப்பது என்பதில்தான் சூட்சுமம். குறைவாக இடித்தால் இரும்பின் பாரத்துக்கு அச்சு விரிந்து வார்ப்பு வீங்கிப்போகும். அதிகமாக இடித்தால் காற்று போக வழியிருக்காது.

மண்ணை அவர்கள் பச்சை மணல் என்பார்கள். நிறம் பச்சையில்லை, கரிக்கறுப்பு. காயவைக்காமல், சுடாமல் ஈரத்தோடு அப்படியே பயன்படுத்துவதால் அந்தப் பெயர். சிலிக்கா மணல், பிடிமானத்துக்குக் குஜராத் கட்ச் பக்கத்திலிருந்து வரும் பெண்டோனைட் களிமண், இரும்பில் மண் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் நிலக்கரித் தூள், நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர். இந்தத் தண்ணீர்தான் எமன். 1,350, 1,400 டிகிரியில் இரும்பு உள்ளே இறங்கும்போது மண்ணிலுள்ள ஒவ்வொரு சொட்டும் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி மணலுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். முடியாவிட்டால் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். பார்வைக்கு வழவழவென்று இருக்கிற வார்ப்பு, கடைசல் மெஷினில் ஏற்றிச் சீவும்போது உள்ளே ஓட்டை காட்டும். புளோஹோல். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் பெரியவருக்கு இன்றைக்கும் முகம் சுருங்குகிறது.

பீஸ் ரேட் என்றால் நல்ல வார்ப்புக்கு மட்டும்தான் கூலி. ஓட்டை விழுந்தால் கூலி இல்லை. அதிகமாக விழுந்தால் முந்தைய கூலியிலும் பிடித்தம். மண்ணைக் கலப்பது வேறு ஆள், இரும்பை உருக்குவது வேறு ஆள். ஆனால் ஓட்டைக்குப் பெயர் மோல்டர் ஓட்டை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் பம்பு உறைகள் வரிசையாக ஓட்டை விழத் தொடங்கின. ஒரு மாதம் பத்துக்கு மூன்று. அடுத்த மாதம் பத்துக்கு நான்கு. மற்ற மோல்டர்களுக்கும் விழுந்தது. அவர் செய்தது சிக்கலான பெரிய உறை என்பதால் அவருக்கு அதிகம். கூலி பாதியானது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம். அந்த அம்மா தாய்வீட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அடகுக்கடைக்குப் போகிற வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பணத்தைவிடப் பெரிய அடி வேறு. அவர் தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். துளைகளை இரண்டு மடங்காகக் குத்தினார். ரேமரை இலேசாகப் போட்டார். ராத்திரி தூக்கத்தில் உள்ளங்கையை மூடி மூடித் திறப்பாராம். அந்த அம்மா சொல்லித்தான் இது அவருக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஆர்டருக்காக முதலாளி மண் பரிசோதனைக் கருவிகள் வாங்கிப் போட்டார். வாங்குகிறவர்கள் மண்ணின் கணக்கைக் கேட்டார்கள். இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை. அதைப் பார்த்துக்கொள்ள டிப்ளமோ முடித்த ஒரு பெண். இருபது, இருபத்தோரு வயதிருக்கும்.

மேஜை மேல் ஒரு குட்டி இடிக்கும் கருவி. ஒரு குழாயில் மண்ணைப் போட்டு, ஆறரைக் கிலோ அளவுள்ள எடையைக் கைப்பிடியால் ஐந்து சென்டிமீட்டர் தூக்கி மூன்று முறை விழவைத்தால், ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமுமாக ஒரு மண் உருளை கிடைக்கும். யார் இடித்தாலும் அதே மூன்று அடி, அதே எடை. மோல்டரின் தோள் பலத்துக்கு அதில் வேலையில்லை. அந்த உருளைக்குள் இரண்டு லிட்டர் காற்றைச் செலுத்தி, எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று இன்னொரு கருவி சொல்லும். இன்னும் ஒன்று கைக்கடிகாரம் மாதிரி: அச்சின் மேல் வைத்து அழுத்தினால் கெட்டித்தன்மையை 100-க்கு இத்தனை என்று முள் காட்டும்.

முதல் வாரம் மோல்டர்கள் அந்தக் கடிகாரத்தை வேவு பார்க்க வந்த ஆள் என்றே நினைத்தார்கள். பெரியவர் கட்டை விரலால் அச்சை அழுத்தி "எழுபத்தஞ்சு" என்பார். அந்தப் பெண் கருவியை வைத்துப் பார்த்து, "எழுபத்தி மூணு அண்ணே" என்பாள். இப்படிப் பத்துப் பெட்டி பார்த்த பிறகு அவள் அவர் பெட்டிகளுக்குக் கருவி வைப்பதையே விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில் ஒரு அட்டையில் எண்களை எழுதிக்கொண்டு வந்தாள். ஈரம் 5.5. காற்று போகிற அளவு 48. அதைப்போல இரண்டு மடங்காவது இருந்திருக்க வேண்டும்.

"அண்ணே, கை மேல தப்பில்ல. மண்ணு செத்துப்போச்சு."

அவள் சொன்னது இதுதான். கொதிக்கும் இரும்பின் பக்கத்தில் வெந்த பெண்டோனைட்டுக்கு மறுபடி ஒட்டும் குணம் வராது. அது வெறும் பொடி. மணலும் சூட்டில் வெடித்துப் பொடியாகும். இந்தப் பொடிகள் மணலுக்கு மணல் உள்ள இடைவெளியை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பழைய மண்ணைக் கழித்துப் புது மணலும் புதுக் களிமண்ணும் சேர்க்க வேண்டும். செலவு என்று பல மாதமாகச் சேர்க்கவில்லை. கிரைண்டர் கல் மாதிரி கனத்த உருளைகள் உருளும் மிக்ஸரில் மண் சில நிமிஷமாவது ஓட வேண்டும், அப்போதுதான் களிமண் ஒவ்வொரு மணல் மேலும் பூசிக்கொள்ளும். அவசரத்தில் அதையும் பாதியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்த மண் கையில் நிற்காது. நிற்கவைக்க மோல்டர் தண்ணீர் தெளிப்பார். தெளித்த தண்ணீர் ஆவியாகி, போக வழியில்லாமல் இரும்பில் ஓட்டை போடும்.

தண்ணீர் தெளித்தது அவர் கைதான், அதை அவர் மறைப்பதில்லை. "பதம் பார்த்துத்தான் தெளிச்சேன். பதம் சரியாத்தான் இருந்துச்சு. மண்ணுதான் பொய் சொல்லிச்சு" என்பார்.

மறுவாரம் லாரியில் புது மணல் வந்தது. இரண்டே மாதத்தில் ஓட்டை நூற்றுக்கு நாலைந்து என்று இறங்கியது. பிடித்த கூலி மட்டும் திரும்ப வரவில்லை. கேட்டதற்கு, பழைய கணக்கை யார் கிளறுவது என்றார்கள். சங்கிலிக்கு வட்டி ஏறி ஏறி, கடைசியில் அது ஏலத்தில் போய்விட்டது.

இரண்டு மூன்று வருஷத்தில் ஜோல்ட் ஸ்க்வீஸ் மெஷின் வந்தது. காற்றழுத்தத்தில் மேஜை தடதடவென்று குதிக்கும். குதிக்கக் குதிக்க பேட்டர்னை ஒட்டிய அடிமண் இறுகும். பிறகு மேலிருந்து ஒரு தட்டு அழுத்தி மேல்மண்ணை இறுக்கும். ரேமருக்கு வேலையில்லை. பன்னிரண்டு மோல்டர்களில் ஆறு பேர் வீட்டுக்குப் போனார்கள். பெரியவர் மெஷினுக்கு மாறினார். முதுகு வலி குறைந்தது, காது மந்தமானது. போன ஆறு பேரில் ஒருவர் வருஷக்கணக்காகக் காசநோய் என்று மாத்திரை தின்று, கடைசியில் அது சிலிக்கோசிஸ் என்று தெரிந்து இறந்தார். அச்சை உடைக்கும்போது பறக்கிற கண்ணுக்குத் தெரியாத மணல் தூசு நுரையீரலில் தங்கிவிடும். அதை வெளியே எடுக்க மருந்தில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் அந்த நோய் இருந்தது. பட்டறையில் துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டார்கள். துண்டு அந்தத் தூசைத் தடுக்காது.

அந்த அம்மாவுக்குக் கும்பகோணம் பக்கம் பிறந்த ஊர். ஒரு விசேஷத்துக்குப் போனபோது நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் பெரியவர் அரை நாள் உட்கார்ந்துவிட்டார். காவிரிக்கரை வண்டல் மண், இரண்டு பெட்டி, நடுவே விளக்கின் தண்டு. அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியிலுள்ள பிரபை என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்க்கிறார்கள். பட்டறைக்காரர் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தி உடைத்துப் பார்த்ததும் இவர் சிரித்துவிட்டாராம். புவிசார் குறியீடு பெற்ற விளக்கு அது. கல்யாணச் சீராக வந்த ஒன்று இன்னும் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.

இந்த வருஷம் பேரன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். ஃபவுண்டரி லேப் பரீட்சைக்கு முந்தின நாள் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினான். டென்மார்க்கில் யெப்பெசன் என்ற பேராசிரியர் 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை, டிசாமேட்டிக். அறுபதுகளிலிருந்தே விற்பனையில் இருக்கிறது. பெட்டியே கிடையாது. மண்ணை ஒரு அறைக்குள் ஊதி அழுத்தி, செங்கல் மாதிரி வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒன்றின் முதுகும் அடுத்ததன் முகமும் சேர்ந்து ஒரு அச்சு. முதல் மெஷினே மணிக்கு 240.

பெரியவர் இரண்டு தடவை பார்த்தார்.

"மண்ண யார்டா பாக்கறாங்க?"

"அதுக்கும் கம்ப்யூட்டர் தாத்தா. ஈரத்த அதுவே அளந்து தண்ணி விடும்."

"நல்லது" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

லேபில் உலோகமே ஊற்ற மாட்டார்களாம். அச்சைச் செய்து காட்டி, மார்க் வாங்கி, உடைத்துவிட்டு வர வேண்டும். பெரியவர் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். கரணை, துளைக்கம்பி, பேட்டர்னை உருவும் திருகுக் கம்பி எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தன. அடியில் ஒரு அட்டை. 5.5, 48. அதோடு சேர்த்து மடித்த ஒரு அடகு ரசீது.

"இது என்ன தாத்தா?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அந்த ரசீத இன்னுமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க."

கருவிகளைப் பேரன் கையில் கொடுத்தார். அட்டையையும் ரசீதையும் பழையபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு பையனை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், பாட்டி பிசறி வைத்திருந்த மாவில் ஒரு பிடியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"அழுத்து. இப்ப ஒட."