மார்ச் மாதத்து ராட்விம்ப்ஸ்

மார்ச் 7

கோனியம்மன் தேர் நிலைக்கு வந்தாகிவிட்டது. ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி தொடங்கும்வரை கச்சேரிகளுக்குக் கொஞ்சம் இடைவெளி. கோவை கணபதியில் குடியிருக்கும் டிரம்மர் ஒருவர், வண்டியிலிருந்து இறக்கிய செட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் வந்தாள். பிளஸ் டூ தேர்வுகளுக்கு நடுவே அவளுக்கு ஓய்வு நாள். “மாமா, இதைக் கேட்டுட்டு வாசிங்க பாக்கலாம்” என்று செல்போனை நீட்டினாள். ஜப்பானின் ராட்விம்ப்ஸ் குழு பாடிய ‘ஜென்ஜென்ஜென்சே’.

இளையராஜா பாட்டுகளுக்கு வாசித்தே கை பழகியவர் அவர். மெட்டு உடனே பிடிபட்டது, வேகம்தான் மலைக்க வைத்தது. கை தாக்குப்பிடித்தது, வலது கால் பின்தங்கியது. பாஸ் டிரம் பெடலின் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். மொழி தெரியாதது ஒரு குறையாகவே படாது.

மார்ச் 8

குழுவின் கதையை அவள் சொன்னாள். 2001இல் கனகாவா மாகாணத்துப் பள்ளிப் பையன்கள் சேர்ந்து தொடங்கியது. மறு ஆண்டே யோகோஹாமாவில் நடந்த பள்ளி மாணவர் இசைப் போட்டியில் ‘மொஷிமோ’ என்ற பாட்டுக்கு முதல் பரிசு. பிறகு, தேர்வுக்குப் படிக்க வேண்டுமென்று குழுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள்! சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “அதை நல்லாக் கேட்டுக்க கண்ணு.”

படிப்பை முடித்துத் திரும்பியபின் ஆள் மாறி, நால்வர் நிலைத்தார்கள். பாடி, பெரும்பாலான பாட்டுகளை எழுதுபவர் யோஜிரோ நோடா. கிதார் அகிரா குவாஹாரா, பாஸ் யூசுகே தகேதா, டிரம்ஸ் சதோஷி யமாகுச்சி. 2005இல் தோஷிபா ஈஎம்ஐ நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது.

மார்ச் 9

‘கிமி நோ நா வா’ படத்தை இருவரும் பார்த்தார்கள். மகோதோ ஷின்காய் இயக்கி 2016இல் வந்த அனிமேஷன் படம். பாட்டுகளோடு பின்னணி இசையும் ராட்விம்ப்ஸ்தான். படம் முடிந்தபின் இசை சேர்க்கும் வழக்கத்தை விட்டு, படம் உருவாகும்போதே குழு மெட்டுகளை அனுப்பியது. பாட்டுக்குத் தக்கபடி காட்சிகளின் நீளமும் மாறியது. வால்நட்சத்திரம் விழும் இரவில் வரும் ‘ஸ்பார்க்கிள்’ ஒற்றைப் பியானோவில் தொடங்கி ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. தியேட்டர் விளக்கு போட்டதும் எழுந்து ஓடாமல் ‘நாந்தெமொநாய்யா’ முடியும்வரை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்த ஆண்டின் ஜப்பான் அகாடமி இசை விருதும் இந்தப் படத்துக்கே கிடைத்தது.

மார்ச் 11

2011இல் இதே நாளில்தான் வடகிழக்கு ஜப்பானை 9.0 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து சுனாமியும் தாக்கின. 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மறு ஆண்டு அதே மார்ச் 11 அன்று ராட்விம்ப்ஸ் ‘ஹகுஜித்சு’ என்ற பாட்டை வெளியிட்டது. பிறகு அந்த நாளில் புதுப்பாட்டு தருவதை வழக்கமாக்கிக்கொண்டது. பத்தாம் ஆண்டில், 2021 மார்ச் 11 அன்று, அவை தொகுப்பாக வந்தன. படப்பாட்டுகளைவிட இவைதாம் இந்தக் குழுவின் உயிர். விளம்பரத்துக்காக ஒரு முறை பாடிவிட்டுப் போகலாம்; பத்தாண்டு அதே நாளில் திரும்பி வந்து நிற்பதற்கு மனசு வேண்டும்.

கோவையிலிருந்து கடல் வெகுதூரம். ஆனாலும் 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக்குப் போயிருந்தவர்களைத் தேடிப் போன் அடித்த வீடுகள் இங்கேயும் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் இப்படி ஆண்டுதோறும் ஒரு புதுப்பாட்டு வேண்டும் என்று அவருக்கு ஆதங்கம்.

மார்ச் 16

யமாகுச்சியைப் பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டார். 2015இல், பெரிய நிறுவனத்தில் பாடத் தொடங்கிய பத்தாம் ஆண்டு விழாச் சமயத்தில், யமாகுச்சி காலவரையற்ற ஓய்வில் போனார். இசைக்கலைஞர்களுக்கு வரும் ஃபோகல் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு அவருக்கு. நடக்கும்போது கால் சாதாரணமாக இருக்கும். பெடலில் வைத்து வாசிக்க முனைந்தால் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகிய அதே அசைவில்தான் மூளையின் கட்டுப்பாடு தவறுகிறது.

டிரம்மர் இதைப் படித்துவிட்டுத் தன் வலது காலைக் கொஞ்ச நேரம் நீட்டி மடக்கிப் பார்த்தார். இரவு இரண்டு மணிவரை கச்சேரி வாசித்த மறுநாள் அந்தக் கணுக்கால் கடுப்பது அவருக்குத் தெரியும். அது ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். யமாகுச்சிக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல.

அதன்பின் குழு மேடையேறியபோது இரண்டு டிரம்மர்கள் துணைக்கு வந்தார்கள். யமாகுச்சி கேயோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தன் நோயையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். காலுக்குப் பதில் குரல் கொடுத்தால் பாஸ் டிரம் ஒலிக்கும் கருவி ஒன்று யமஹா நிறுவனத்தின் கூட்டில் அவருக்காக உருவானது. அதைக் கொண்டு திரும்ப வாசித்தும் காட்டினார். டிரம்ஸ் கற்கிற பிள்ளைகள் யமாகுச்சியை அவர் நல்ல காலத்திலேயே கேட்க வேண்டும்: 2009இல் வந்த ‘ஓஷாகாஷாமா’. கொங்குக் கோயில்களில் ஜமாப் அடிக்கிறவர்கள் ஆட்டக்காரர் காலைப் பார்த்தே வேகம் கூட்டுவதுபோல, இந்தப் பாட்டில் கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. நம் கணபதி டிரம்மர் அதை இன்னும் முழுதாக வாசித்துப் பழகவில்லை.

மார்ச் 26

தேர்வு முடிந்தது. ஷின்காயின் அடுத்த படமான ‘வெதரிங் வித் யூ’வை அவள் தோழிகளோடு போட்டாள், மாமாவும் உட்கார்ந்தார். டோக்கியோவில் மழை நிற்கவே நிற்காத கதை. இந்தப் படத்தை இந்தியத் தியேட்டர்களில் வெளியிடச் சொல்லி ரசிகர்கள் 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு கேட்டார்கள், 2019 அக்டோபர் 11 அன்று வந்தது. 2023 ஏப்ரலில் ஷின்காயும் ராட்விம்ப்ஸும் மறுபடி சேர்ந்த ‘சுசுமே’ வந்தபோது அப்படிக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2011 நிலநடுக்கத்தில் அம்மாவை இழந்த பெண்ணின் கதை அது. மார்ச் 11 பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் அதன் இசை இன்னும் நெருக்கமாகும்.

‘வெதரிங் வித் யூ’வில் தவறவிடக் கூடாத பாட்டு ‘கிராண்ட் எஸ்கேப்’. நோடா எழுதியதை டோகோ மியுரா பாடியிருக்கிறார். ஆஸ்கர் வாங்கிய ‘டிரைவ் மை கார்’ படத்தில் அதிகம் பேசாமல் கார் ஓட்டும் அந்தப் பெண் இவர்தான். பின்பாதியில் கூட்டுக் குரல்களும் கைதட்டலும் சேரும்போது தோழிகள் எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஏப்ரல் 2

குவாஹாரா 2024இல் குழுவை விட்டு விலகிவிட்ட செய்தியை அவள் சொன்னாள். நோடாவும் தகேதாவும் தொடர்கிறார்கள். நால்வரும் சேர்ந்து வாசித்த காலத்திலிருந்து ஒன்றே ஒன்று கேட்க வேண்டுமென்றால் ‘ஆர்டர் மேட்’. 2008இல் வந்தது, ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் இவர்களுக்கு முதலிடம் வாங்கித் தந்த முதல் பாட்டு. பிறப்பதற்கு முன் ஒருவனிடம், கடந்த காலம் வேண்டுமா வரும் காலம் வேண்டுமா, உடம்பில் எதெது எத்தனை வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்து தருவதாகப் போகும் கதைப்பாட்டு. சினிமாவால் மட்டும் ராட்விம்ப்ஸை அறிந்தவர்கள் இதை அநேகமாகக் கேட்டிருக்கமாட்டார்கள். அக்கா மகள் உடனே வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடவே ‘ஹகுஜித்சு’வையும் அனுப்பச் சொன்னார் அவர்.