கூரை உயரும் வண்டி

ஆர்க்காட்டினின்று ஆரணி செல்லும் வழியில் உள்ள திமிரி எங்கள் ஊர். தச்சரான என் தந்தையார் கால் நலிவுற்றபின் திண்ணையை விட்டு இறங்கவில்லை. “திருவண்ணாமலைத் தீபத்தை இன்னும் ஒருமுறை காண வேண்டும்” என்றார் ஒருநாள். வழியில் அவர் படுத்து இளைப்பாற ஒரு வண்டி செய்யத் துணிந்தேன்.

பரமத்தி வேலூர்க் கட்டடக் கலைஞர் அருண்பிரபு, 2019ஆம் ஆண்டில் பழைய ஆட்டோ ஒன்றின்மேல் 36 சதுர அடி வீடு அமைத்தவர். கழித்த பேருந்துகளிலும் இடித்த கட்டடங்களிலும் கிடைத்த பொருள்களே அதற்குப் பெரிதும் உதவின. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். படுக்கை, அடுக்களை, குளியலறை யாவும் அதனுள் அடங்கின!

எனக்குக் கிடைத்ததோ ஜீப்பின் பின்னே பூட்டும் பழைய இரு சக்கர டிரெய்லர். உயர்ந்த கூரை ஓட்டத்தில் காற்றை எதிர்க்கும். ஆதலால் குழாய்க்குள் குழாய் நுழையும் கால்களை நான்கு மூலையிலும் நிறுத்தினேன். தங்குமிடத்தில் கூரையை உயர்த்தி ஆணி செருகினால் போதும். கித்தான் சுவர்கள் விரிந்துவிடும்.

ஐப்பசி மழை என் செருக்கை அடக்கியது. தட்டையான கூரையில் நீர் குளமாய்த் தேங்கிற்று. கீலுக்கு மாற்றாக நான் தைத்த ஆம்பூர்த் தோல் வார்கள் நனைந்து காய்ந்து விறைத்தன. தோலுக்குப் பெயர்பெற்ற பக்கத்தில் பிறந்தவன் இதனை அறிந்திருக்க வேண்டாமா?

திண்ணையிலிருந்து தந்தையார் நகைத்தார். “குடிசைக்குச் சரிவு எதற்கென்று எண்ணினாய்?” என்று கேட்டு, உளியை எடுத்துவரச் சொன்னார். மூன்று நாளில் முகட்டுக்கட்டை அமைந்தது; வார்கள் போய் இரும்புக் கீல்கள் வந்தன. ஏறும் படியை இரண்டு விரற்கடை தாழ்த்தவும் அவரே பணித்தார்.

தீபத்திற்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அன்றிரவே அவர் தடியூன்றித் தெருவில் இறங்கி, வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டார்.