மாஸ்கோவும் கோத்தகிரியும்

கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் பச்சைப் பசேல் என்ற தேயிலைச் சரிவுகளைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். அந்தச் சரிவுகளில் பல ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு விளைந்த நிலம். சோவியத் யூனியன் ரூபாய்க் கணக்கில் தேயிலைத் தூளை அள்ளிக்கொண்டு போன காலத்தில் சிறு விவசாயிகள் பலர் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். அந்தச் சந்தை தரத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை. எடைதான் காசு.

1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. அடி உடனே விழவில்லை, சில வருடம் கழித்து விழுந்தது. தொண்ணூறுகளின் முடிவில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு வந்தது.

கேரட் விலை விழுந்தால் அடுத்த போகம் பீட்ரூட் போடலாம். தேயிலை அப்படியில்லை, நட்டால் தலைமுறைக்கும் நிற்கும். கொழுந்தைப் பறித்து வைத்திருந்து விற்கவும் முடியாது. சாக்கில் இறுக்கி அடைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் சொல்வதுதான் விலை. அவர்களைக் கேட்டால் குன்னூர் ஏலத்தைக் கை காட்டுவார்கள். ஏலம் வெளிநாட்டுச் சந்தையைப் பார்க்கும். (நடுவில் பேரம் பேச வாயில்லாதவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.)

கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-இல்கூட அங்கே சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நம் ஊர்ச் செய்தியில் ஓர் ஓரத்தில் வந்து போனது.

அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் சாக்லேட்டோடு நிறுத்தாமல், அந்த விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைத் தேயிலைத் தூளும் ஒரு பொட்டலம் வாங்குங்கள்.