படப்பை வந்தால் பதினைந்தாம் பக்கம்

முடிச்சூரில் கம்பெனி பஸ் ஏறினால் மண்ணிவாக்கத்தில் ஐந்தாம் பக்கம். படப்பை வந்தால் பதினைந்து. ஒரகடம் கூட்ரோடு தெரியும்போது இருபத்தைந்தைத் தொட்டிருப்பேன். ஆசிரியர் கொஞ்சம் அடர்த்தியான ஆளாக இருந்தால் பதினெட்டு. பதினொரு வருஷமாக இந்தச் சாலையை நான் பக்கக் கணக்கில்தான் அளந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் டி.வி., கம்பெனியில் வெர்னியர் காலிப்பர். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஐம்பது நிமிஷம்தான் என் நூலகம்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. சாலையை நான் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. ஒரு அத்தியாயம் முடிந்து தலையைத் தூக்கினால் ஒரு தொழிற்சாலைச் சுவர், அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு ஏரிக்கரை. அதனால்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கி இந்த வருஷம் முடித்த நாலைந்து புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். "லீவு நாள்லயும் ஒரகடமா?" என்றாள் மனைவி. கேட்டதில் நியாயம் இருந்தது.

படப்பை தாண்டியதும் மின்கம்பங்களைக் கவனித்தேன். பஸ் போகும் வேகத்தில் இவை வெறும் வண்ணத் தாள்கள். நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கதையின் முதல் வரி. ஆட்கள் தேவை, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பத்தாவது பெயில் ஆனாலும் பரவாயில்லை, சாப்பாடு, தங்குமிடம், பஸ் வசதி, அடியில் ஒரு போன் நம்பர். ஒரகடம் நெருங்க நெருங்க இந்தியிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' நாவலை நான் படித்தது இந்தத் துண்டுச் சாலையில்தான். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற பெயரில் எழுதினார். தமிழில் தந்தவர் இரா. முருகவேள். பாலாவின் 'பரதேசி' இதிலிருந்து கிளம்பிய படம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் ஒரு மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். முன்பணம் கொடுத்தே ஆளைக் கட்டிப்போடும் கணக்கு. கணக்கு தீரவே தீராது.

அப்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பையன் உட்காருவான். போளூர்ப் பக்கம், டிப்ளமோ, டிரெய்னி. இருட்டியதும் டிரைவர் உள்விளக்கை அணைத்துவிடுவார், கண்ணாடியில் எதிரொளி அடிக்கிறதாம். அதற்காக நான் வாங்கிய கிளிப் விளக்கு அவன் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு நாள் முறைத்தான். மூன்றாம் நாள், "அப்படி என்னதாண்ணா இருக்கு அதுல?" என்றான். சொன்னேன். மேஸ்திரி வந்து ஆசை காட்டும் இடத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம கன்சல்டன்ஸிக்காரன்தாண்ணா இவன், வாட்ஸ்அப் குரூப் மட்டும் இல்ல" என்று சிரித்தான். அதற்குப் பிறகு தினமும் பஸ்ஸில் ஏறியதும் ஒரே கேள்வி: "சரி, மறுநாள் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்விதான் என் வாசிப்பைக் கெடுத்தது, அல்லது திருத்தியது. உண்மையைச் சொன்னால் 'எரியும் பனிக்காடு' மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பெரிய காதல் இல்லை. டாக்டர் எழுதிய நாவல் என்பது தெரிகிறது. நோயையும் சாவையும் அவர் எழுதும்போது கை நடுங்குவதில்லை. ஆனால் தொழிலாளிகள் சிரிப்பது குறைவு. எங்கள் பஸ்ஸில் பத்து மணி ஷிப்ட் முடிந்து ஏறுபவர்கள் சூப்பர்வைசரைப் போல் பேசிக்காட்டும் சத்தத்தில் காது அடைத்துவிடும். கஷ்டப்படுபவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் கஷ்டப்பட்டுக்கொண்டே இருப்பதில்லை. அவர்களுக்கும் மறுநாள் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போகத்தான் சிரிப்பு.

வல்லக்கோட்டையில் முருகனை வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வல்லம் வடகாலுக்கு வந்தேன். இங்கே சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சியையே மாடி மாடியாக அடுக்கி வைத்த மாதிரி நிற்கிறது. வரிசை வரிசையாக ஜன்னல்கள், கொடிகளில் ஒரே நிறச் சீருடைகள். ஞாயிறாக இருந்தும் சிலர் அடையாள அட்டையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பையில் 'அயர்ன் மூன்' இருந்தது. சீனத் தொழிலாளர்கள் எழுதிய கவிதைகளின் ஆங்கிலத் தொகுப்பு. மொழிபெயர்த்தவர் எலினார் குட்மன். அதில் சூ லிஜி என்ற இளைஞரின் கவிதைகள் உண்டு. ஷென்ஜென் நகரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் லைனில் நின்றவர். 2014இல், 24 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே நிறுவனத்தின் ஆலைதான் இங்கே சுங்குவார்சத்திரத்தில். அந்தப் பெயருக்காகத்தான் புத்தகத்தை வாங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கவிதையாக எல்லாமே தேறுமா என்றால் தேறாது. என் தொழில் பழக்கத்தில் டாலரன்ஸ் பார்த்தால் பாதி ரிஜெக்ட் ஆகும்: ஒரே திருகாணி, ஒரே இரும்பு, ஒரே நிலா. ஆனால் மற்ற புத்தகங்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. டேனியல் டாக்டர், தொழிலாளிகளைப் பற்றி நான் படித்த மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள். இந்தக் கவிதைகளை எழுதியவர்களுக்கோ எழுதி முடித்த மறுநாள் காலை ஷிப்ட் இருந்தது. வரிகள் சின்னதாக இருப்பதற்கு அழகியல் காரணம் ஒன்று சொல்வார்கள். தூக்கம் என்பது என் கட்சி.

விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்துப் பதினைந்து அறைகள், ஒவ்வொரு வாசலிலும் செருப்புக் குவியல். லைன் வீடு. கடைப் பெஞ்சில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த வீடுகள் அவருடையவை. கேட்காமலேயே சொன்னார், இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். "நாலு ஏக்கர் போச்சு சார். துட்டு வந்துச்சு. பெரியவன் கார் எடுத்தான். சின்னவன் பார்ட்னர்னு ஒருத்தன நம்பினான். மிச்சத்துல இத கட்டுனேன். இது இல்லனா இந்நேரம் நானும் அவனுங்கள மாதிரி செக்யூரிட்டிதான்."

பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' என் பையிலேயே இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1991இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல். அப்போது அவருக்கு 25 வயது. குடியிருப்பு கட்டுவதற்காக ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலம் போய்விடுகிறது. குடும்பம் சின்ன இடத்துக்கு நகர்கிறது. ஒரு பையனின் கண் வழியாக நாம் அவர்கள் ஒவ்வொருவரும் மாறுவதைப் பார்க்கிறோம். நிலம் எடுப்பைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வருவதெல்லாம் நிலம் போகும் நாள் வரைதான். ஆர்ப்பாட்டம், அளவைக் கல், இழப்பீட்டுத் தொகை, முடிந்தது. நாவல் அங்கே தொடங்குகிறது. பணம் வந்த மறுநாள் காலையில் அண்ணன் தம்பியை எப்படிப் பார்க்கிறான், மாமன் மச்சான் ஏன் திடீரென்று வீட்டுக்கு வருகிறான், காலையில் எழுந்து போவதற்குக் காடு இல்லாத மனுஷன் எங்கே போவான்? அந்தப் பெரியவர் நாலு வாக்கியத்தில் சொன்னதை இந்த நாவல் மெல்ல மெல்ல, ஆறாத புண்ணைச் சொறிவது போல, சொல்லிக்கொண்டு போகிறது.

குறையும் உண்டு. ஒரு சீரழிவு முடிவதற்குள் அடுத்த சீரழிவு வந்து நிற்கிறது; இளம் எழுத்தாளருக்கு எதையும் விட்டுவிட மனசு வரவில்லை. பின்னால் வந்த 'மாதொருபாகன்' கட்டுக்கோப்பானது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை மறுபடி படிப்பாய் என்றால் இதைத்தான் எடுப்பேன். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருப்பவனுக்கு இது கொங்கு நாட்டு நாவலே அல்ல. பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்போவதாக 2022இல் அறிவித்தார்கள். அதில் நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் யாராவது 'ஏறுவெயில்' படித்திருப்பார்களா? 'ரைசிங் ஹீட்' என்று ஆங்கிலத்திலும் வந்துவிட்டது, 2020இல். தமிழ் வராது என்று சொல்ல முடியாது.

பெரியவரிடம் கதையைச் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எழுதுனவருக்கு நிலம் போச்சா?" என்றார். பிறகு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கடையும் அவருடையதுதானாம்.

ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும்போது பன்னிரண்டு மணி. ராஜீவ் காந்தி நினைவிடத்தின் வெளியே ஒரு சுற்றுலா பஸ் நின்றிருந்தது. நடை சாத்துவதற்குள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு ஓடினேன். 1017இல் இராமானுஜர் பிறந்த ஊர் இது என்பதும் இங்கே அவருக்குத் தனிச் சன்னதி உண்டு என்பதும் கம்பெனி பஸ்ஸில் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு இது டோல்கேட்டுக்கு முந்தைய ஸ்டாப்.

எனக்கு இந்த ஊரில் பிடித்த ஆள் இராமானுஜர் அல்ல, திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லிக்காரர். அங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்கு விசிறி வீசுவதற்காக நடந்தே போய் வருவாராம். வழி ஸ்ரீபெரும்புதூர்; இளைஞரான இராமானுஜர் அவரைச் சந்தித்ததே அப்படித்தான் என்கிறது குருபரம்பரைக் கதை. ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரமா என்று கணக்குக் கேட்கக் கூடாது. இந்தச் சாலையில் வேலைக்குப் போய்வந்த முதல் ஆள் என்று அவரை வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

இந்திரா பார்த்தசாரதியின் 'இராமானுஜர்' நாடகத்தைப் பிரகாரத்துத் தூணில் சாய்ந்து புரட்டினேன். 1999ஆம் ஆண்டு சரஸ்வதி சம்மான் பெற்ற படைப்பு. சாதியை மீறிய சீர்திருத்தக்காரராக இராமானுஜரை நிறுத்துகிறது. வசனம் கூர்மை, சில இடங்களில் இராமானுஜர் நம் காலத்துக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தவர் போலத் தோன்றுகிறார், அதையும் மன்னிக்கலாம். என் மனசு போனது அவர் மனைவி தஞ்சமாம்பாளிடம். நம்பி சாப்பிட்டுப் போன இடத்தைச் சாதி பார்த்துக் கழுவிவிட்டாள் என்று மரபு அவளைக் குற்றவாளி ஆக்குகிறது. இராமானுஜர் சந்நியாசம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவளுடைய மறுநாளை எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை. போளூர்ப் பையன் இருந்தால் கேட்டிருப்பான்.

சுங்குவார்சத்திரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கிக் கடைசிப் புத்தகத்தை எடுத்தேன்: ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இந்த வருஷம் நான் படித்ததில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். வரலாற்றுப் புத்தகம், அதுவும் அடிக்குறிப்புகளோடு. பஸ் குலுக்கலில் படிக்க உகந்ததல்ல. படப்பை வந்தபோது எட்டாம் பக்கம்தான் தாண்டியிருந்தேன்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். ஒன்பது நாளில் ஜெயித்தார்கள். மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். நம் பள்ளிக்கூடப் பாடம் கப்பல் ஓட்டியதிலிருந்து நேராகச் செக்குக்குத் தாவிவிடும். வேங்கடாசலபதி அந்த மறுநாளில்தான் கூடாரம் போடுகிறார். கூட்டத்தில் இருந்தவர்கள் யார், அவர்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று ஆவணக் காப்பகத் தூசியிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து வருகிறார். தலைவர்களைப் பற்றி எழுதுவது எளிது. கல் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போன ஆளை நூறு வருஷம் கழித்துக் கண்டுபிடிப்பது வேறு வேலை.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. கூலி, வேலை நேரம் எல்லாம் பட்டியலில் இருந்தாலும் அடிப்படைப் பிரச்சினை சங்கம். சங்கம் பதிவு செய்யும் தொழிற்சங்கச் சட்டம் 1926லேயே வந்துவிட்டது. கோரல் ஆலைக்காரர்களுக்கு அந்தச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை, ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது. இங்கே சட்டம் வந்து 98 வருஷம் கழித்து 37 நாள் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, நானும் இதே சாலையில் சம்பளம் வாங்குபவன். ஆனால் அந்த 37 நாளும் எங்கள் பஸ்ஸில் யாரும் சூப்பர்வைசரைப் போல் பேசிக்காட்டவில்லை. 38ஆம் நாள் உள்ளே போனவர்கள் லைனில் யார் பக்கத்தில் நின்றார்கள், கேன்டீனில் யாரோடு சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் ஒருவர் எழுதினால் நான் முன்பதிவில் வாங்குவேன்.

ஞாயிறு லீவு கேட்டவர்களின் புத்தகத்தை ஞாயிறு லீவில் மரத்தடியில் வைத்துப் படிக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

திரும்பி வரும்போது படப்பையில் பரோட்டா சாப்பிட நிறுத்தினேன். போனில் போளூர்ப் பையனின் குரல் செய்தி. டிரெய்னி காலம் முடிந்து, புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓசூரில் இருக்கிறான். அவன் போகும்போது 1908 புத்தகத்தில் பாதிதான் சொல்லியிருந்தேன். பின்னணியில் மெஷின் சத்தம். "அண்ணா, அந்த வ.உ.சி.ய உள்ள வச்சாங்களே, மறுநாள் ஊரே கொளுத்துச்சுன்னீங்க. அதுல மாட்டுனவங்க என்ன ஆனாங்க? இங்க பஸ்ல பக்கத்துல ஒருத்தன் கேக்கறான்."

அடிக்குறிப்புகள் இருக்கும் பக்கங்களைத் தேடிப் பிரித்தேன். சால்னா சிந்தாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.